பெயர் வெட்டாத கேடயம்

வெள்ளவத்தை காலி வீதியில் நான் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு விருதுக் கேடயக் கடை. மேசைமேல் ஜெர்மன் பத்திரிகைத் துண்டு ஒன்று கிடக்கிறது. யூதரும் ஜெர்மானியரும் இணங்கி வாழ உழைத்த ஒருவருக்கு அங்குள்ள அருங்காட்சியகம் விருது கொடுக்கும் படம்.

"ஜெர்மனியில இருந்து வந்த தமிழர் ஒராள் தந்தவர். இதைப்போல ஒண்டு செய்து தரட்டாம்," என்கிறார் கடைக்காரர். "எண்பத்து மூண்டு கலவரத்தில அவையின்ர குடும்பத்தைத் தன்ர வீட்டில ஒளிச்சு வைச்ச சிங்கள ஐயாவுக்கு."

கேடயம் பளபளக்கிறது. பெயர் வரும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

"பெயர் வெட்டிறதுக்கு முந்தி எழுத்துச் சரியோ எண்டு ஆளிட்டயே கேக்கிறது என்ர வழக்கம். அந்த ஐயாவுக்குப் போன் எடுத்தனான். கேடயமே வேண்டாமாம்."

"இன்னும் பயமோ?"

"நானும் அப்பிடித்தான் கேட்டனான். பயமில்லையாம். அண்டைக்கு அவையைத் தேடிப் பொல்லுத் தடியோட வாசலுக்கு வந்தது பக்கத்து வீட்டு ஆளாம். இப்ப அவர் காலமையில பேப்பர் வாசிக்க இவரிட்டத்தான் வாறவராம்."

கடைக்காரர் கேடயத்தைத் துணியால் துடைக்கிறார்.

"அவர் வந்து இருக்கிற கதிரைக்கு நேரதான் இதை மாட்டக்கூடிய சுவராம்."