வெள்ளிக்கிழமை வட்டத்தில் நான் பேசிய பேச்சு

ஈப்போவில் நான் படித்த கல்லூரியில் வெள்ளிக்கிழமை மதியம் நீளமானது. மலாய் மாணவர்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள். பாடம் மறுபடி தொடங்க இரண்டே முக்கால் ஆகும். அந்த இடைவெளியில்தான் கவுன்சலிங் அறையில் மனநல ஆதரவுக் குழு கூடும். பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டியை வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் வாயைத் திறப்பதில்லை.

நான் அப்போது மூன்றாம் வருஷம். கவுன்சலர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ நல்லா பேசுவியேம்மா. உன் மனசுல இருக்கிறத ஏதாச்சும் சொல்லி ஆரம்பிச்சு வை லா. மத்தவங்க தானா பேசுவாங்க."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. மனசில் இருப்பதைத்தான் சொல்லச் சொன்னார்.

நான் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் வளர்ந்தவள். பதினொரு வயதில், முதியோர் இல்லத்தைக் கண்ணாலேயே பார்க்காமல் முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசி, நடுவர்களை அழவைத்துக் கோப்பை வாங்கியவள். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே ஒரு மூச்சு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆகவே வியாழக்கிழமை உட்கார்ந்து தயார் செய்தேன். என் மனசில் அப்போது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பாடங்களில் மதிப்பெண் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அதையெல்லாம் போய்ச் சொன்னால் எடுபடாது என்று நினைத்தேன். இணையத்தில் யார் யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன்.

ஆறு மாதம் தூக்கமில்லை என்று ஆரம்பித்தேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்றேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன் என்றேன். அங்கே ஒரு மூச்சு நிறுத்தினேன். பேச்சு என்றால் தன்னம்பிக்கையில் முடிய வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். "மருந்து மாத்திரை எதையும் நான் தொடவில்லை. என் மன உறுதியே எனக்கு மருந்து" என்று முடித்தேன். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

கைதட்டினார்கள். வட்டத்தில் கைதட்டக் கூடாது என்பது விதி. மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று கவுன்சலர் உடனே சொல்லத்தான் செய்தார். அந்தக் கைதட்டலில் அது எடுபடவில்லை. எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோப்பை வாங்கிய மாதிரிதான் இருந்தது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தது ஒரு முதல் வருஷப் பெண். தாப்பா ஊரைத் தாண்டி உள்ளே, முன்பு ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள். மூன்று வாரம் வந்தும் ஒரு சொல் பேசாதவள். மற்றவர்கள் எழுந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கும் அப்படியேதான். குழாய தொறந்து விடறது கூட."

அடுத்த வாரம் அவள் வட்டத்தில் பேசினாள். அதற்கடுத்த வாரமும் பேசினாள். எப்போதும் "அக்கா சொன்ன மாதிரி" என்றுதான் ஆரம்பிப்பாள். கவுன்சலர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை அவளைக் காணவில்லை. ஹாஸ்டலுக்குப் போய் விசாரித்தேன். அவளுடைய அறைத் தோழிதான் சொன்னாள்.

"அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்க அக்கா. மாத்திரைய நிறுத்திட்டா. படுக்கைய விட்டு எந்திரிக்கவே இல்ல, சாப்பிடல. நீங்க மாத்திரை இல்லாமதான் சரியானீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

அவள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் முதலில் என் மனதில் ஓடியது அவளைப் பற்றியல்ல. இந்தத் தோழி கவுன்சலரிடம் இதைச் சொல்லியிருப்பாளோ என்றுதான் ஓடியது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். கோப்பெங் தாண்டி, தாப்பா வரைக்கும் ஒரே வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். நான் சொன்னது பொய், நீ மாத்திரையைச் சாப்பிடு. அதில் குரலை இறக்க ஓரிடமும் இல்லை.

தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடு அது. முன்பக்கம் சிமெண்டு போட்டு நீட்டியிருந்தார்கள். கொல்லைக்கதவைத் திறந்தால் செம்பனை. அவள் ஹாலில் மெத்தை போட்டுப் படுத்திருந்தாள். முகம் சிறுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். அவளுடைய அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். நான் கொண்டுபோன பிஸ்கட் டின்னை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"நீதானாம்மா அந்தப் பிள்ள? வேலைக்குப் போகாம சூட்டி போட்டுட்டு நாலு நாளா இவ பக்கத்துலயே உக்காந்திருக்கேன். நான் மாத்திரை குடுத்தா துப்பிடுறா. நீ மாத்திரை இல்லாமலே சரியாயிட்டியாம். எப்படின்னு இவளுக்கு சொல்லிக் குடேன்மா."

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அந்தப் பெண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"நானும் மாத்திரை சாப்பிட்டேன் ஆண்ட்டி. கூட்டத்துல சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"நிஜமாவா அக்கா? என்ன மாத்திரை?" என்றாள் அவள்.

"வெள்ளையா, சின்னதா இருக்கும்."

"எத்தன மாசம்?"

"எட்டு மாசம்."

"அப்ப நானும் சாப்பிடுறேன்" என்றாள். மறுநாளே அம்மா அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். உண்மையைச் சொல்லப் போன இடத்தில் இன்னொரு பொய்யை விட்டுவிட்டு வந்திருந்தேன். அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

அவள் ஒரு பருவத்தை இழந்தாள், பிறகு வந்து படிப்பை முடித்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு வாட்ஸ்அப் வரும். 'நம்ம ரெண்டு பேரும் தாண்டிட்டோம் அக்கா' என்று எழுதுவாள். பதிலுக்கு ஒரு பூவை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன். பொய்யால் ஒரு உயிர் தேறியதே என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்ததுண்டு. படுக்கையில் கிடத்தியதும் என் பொய்தானே.

இந்த வருஷம் அவள் அதே கவுன்சலிங் அறையில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வட்டத்தை இப்போது அவள்தான் நடத்துகிறாள். போன மாதம் ஈப்போ பழைய டவுனில் ஒரு கடைக்கு வரச் சொன்னாள்.

"புதுப் பிள்ளைங்க வாயே தொறக்க மாட்டேங்குதுங்க அக்கா. நீங்க வாங்க. நம்ம ரெண்டு பேரும் பேசலாம். மாத்திரை விஷயத்த மட்டும் விட்டுடாதீங்க, அதத்தான் அவங்க கேக்கணும்."

நுரைக்க ஆற்றிய பால் டீ, தே தாரிக், வந்தது. அவள் எனக்கு எதிரில், நன்றாகத் தேறிய முகத்தோடு, நாள் குறிக்கப் போனைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அந்த வட்டத்தில் உட்கார்ந்து பேச என்னால் முடியாது என்று அப்போது தெரிந்தது. சொல்லிவிட்டேன். எனக்குத் தூக்கம் கெட்டதே இல்லை என்றேன். எல்லாம் தயார் செய்தது என்றேன்.

அவள் போனை மேசை மேல் வைத்தாள்.

"மாத்திரை?"

"அதுவும் பொய்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு என் பக்கத்துல யாருமே இல்லையா அக்கா?"

"இல்லைம்மா" என்றேன்.