எனக்கும் பீப், அக்காவுக்கும் பீப்

ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் முதல்முறையாக, செக்கப்புக்காக, டெல்லி மெட்ரோவில் போனேன்.

புற்றுநோய்க்காக எடுத்த மார்பை மறுபடி உருவாக்க, தோலை விரிக்கும் ஒரு பையை உள்ளே வைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உலோகம் உண்டு. எனக்கு அது ஞாபகமே இல்லை.

ஜனக்புரி ஸ்டேஷனில், பெண்களைச் சோதிக்கும் திரைக்குப் பின்னால், காவலர் பெண் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை என் நெஞ்சருகே கொண்டுவந்ததும் பீப்.

"அந்தர் க்யா ஹை?" உள்ளே என்ன என்கிறார்.

எனக்கு ஹிந்தியே மறந்துவிட்டது. கையை வைத்து அழுத்திப் பார்ப்பாரோ, தையல் என்ன ஆகுமோ என்று ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். வெளியே வரிசை "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தியது.

கூட வந்த ஸ்டெல்லா அக்கா திரையை விலக்கி உள்ளே வந்தார். வார்டில் பக்கத்துக் கட்டில். அவருக்கும் அதே ஆபரேஷன், அதே பை.

"பயப்படாத மக்ளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், மேரா பீ பஜேகா. எனக்கும் அடிக்கும், பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

பீப்.

காவலர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கருவியை இறக்கிக்கொண்டு, மெதுவாக "ஆபரேஷன்?" என்றார். தொடாமலே அனுப்பிவிட்டார்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பக்கமே போகாதே என்று எச்சரித்த டாக்டர், மெட்ரோவைப் பற்றி மூச்சே விடவில்லை.

அடுத்த செக்கப்புக்கு அக்கா வர முடியாதாம். டெல்லியில் பீப் அடிக்கிறவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா? சேர்ந்தே போய் அடிப்போம்.