பிள்ளைக் காம்பராவில் எழுப்புதல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கிறிஸ்தவர்கள் கொஞ்சம், கோயில்கள் நிறைய. மேட்டில் கத்தோலிக்கக் கோயில். ஃபாதர் மாதத்துக்கு ஒருமுறை ஹட்டனிலிருந்து வருவார், அதுவும் மழை விட்டால். பங்களாவுக்குத் திரும்பும் முடக்கில் அந்தக் காலத்துத் துரைமார் கட்டிய கல் கோயில். அதன் சபை முழுவதையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம், ஆனால் மணியோசை மட்டும் பக்கத்துத் தோட்டம் வரை போகும். கீழே, தொழிலாளர் குடியிருக்கும் கடைசி லயத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே ஹோல். அங்கே முதலில் ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்துவிட்டு, மிச்சமிருந்த இடத்தில்தான் விசுவாசிகளை உட்கார வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று இடத்திலும் கும்பிடுவது ஒரே ஆளைத்தான். ஒரு பிள்ளையை அம்மாயி ஒரு பெயரிலும் அப்பாயி ஒரு பெயரிலும் கூப்பிடுவதுபோல, அவருக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

நான் கந்தப்பளையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவரிடம் என் போனைத் திருத்தக் கொடுத்தேன். அது ஒரு மாதிரிக் கல்யாணத்தில் முடிந்தது. அவர் வீடு ஹோல் வீடு. கல்யாணத்தின்போது எல்லாரும் பெருந்தன்மையாக இருந்தார்கள். "எல்லாம் ஒரே ஆண்டவர்தானே" என்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லிக் கேக் சாப்பிட்டார்கள்.

அந்தப் பெருந்தன்மை எங்கள் மகள் பிறக்கும் வரைதான் தாங்கியது.

என் அம்மா தினமும் பொழுது சாயும் நேரத்தில் கந்தப்பளையிலிருந்து போன் எடுப்பார். பிள்ளை பால் குடித்ததா என்று கேட்பதற்கு முன்னால், "தண்ணி ஊத்தியாச்சா?" என்றுதான் கேட்பார். ஊற்றவில்லை என்றால், "எல்லா ஊசியும் போட்டாச்சுங்கிறியே, இதையும் போட்டா என்னா?" என்பார். அம்மாவுக்கு ஞானஸ்நானம் என்பது கிளினிக் அட்டையில் விடுபட்டுப்போன ஒரு தடுப்பூசி.

மாமிக்கு, கணவரின் அம்மாவுக்கு, அது வேறு. மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் சம்பள நாளென்றால் மாமி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டில் போய் ஒளிந்திருக்கிறார். மாமனார் குடியை விட்டது அந்த ஹோலில்தான். ஹோலில் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதிலிருந்து மாமி ஓர் அங்குலம் நகரமாட்டார். நகர்ந்தால் பழைய வாழ்க்கை திரும்பி வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. "நாங்க ஒண்ணும் பிள்ளைய அந்தரத்துல விடல," என்பார். "பாஸ்டர் கையில வாங்கி ஜெபம் பண்ணியாச்சு. அவ வளரட்டும். தானே வெளங்கி, தானே எறங்கி முழுகட்டும்."

முழுகுவது என்றால் ஆற்றில். எங்கள் ஆற்றில். முழுகி எழும்புகிறவர்கள் நடுங்குவது பரிசுத்த ஆவியாலா குளிராலா என்று நான் ஒவ்வொரு முறையும் யோசித்திருக்கிறேன். கேட்டதில்லை.

கணவரிடம் கேட்டால், "நான் போன் திருத்துறவன். என்னைய நடுவுல இழுக்காதீங்க," என்று எழும்பிப் போய்விடுவார்.

அதனால் பயப்படும் வேலை முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. பிள்ளை இருமினால், ஊற்றியிருக்கலாமோ என்று தோன்றும். இருமல் நின்றதும், ஊற்றினால் மாமி மனம் உடைந்துபோவாரே என்று தோன்றும். பிள்ளைகள் எல்லாரும் நேரே மோட்சத்துக்குத்தான் போவார்கள் என்று வாசித்திருக்கிறேன். அதை நம்புகிறேன். பிறகு பிள்ளை தும்மும்.

இந்த நிலையில்தான் மழை வந்தது. மண்சரிவு எச்சரிக்கை எல்லாருடைய போனிலும் வந்து, கீழ் லயத்து ஆட்களைப் பாடசாலையில் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் நாள் பின்னேரம், ஹோல்காரர்கள் ஒரு மூலையில் கைதட்டிப் பாடினார்கள். கத்தோலிக்கர் அடுத்த மூலையில் ஜெபமாலையைச் சத்தமாக ஆரம்பித்தார்கள். ஹோல்காரர்கள் இன்னும் சத்தமாகப் பாடினார்கள். கல் கோயில் ஆட்கள் கரும்பலகைக்குக் கீழே ஏதோ முணுமுணுத்தார்கள்; யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் சைவக் குடும்பங்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கடைசியில் ஒரு தாத்தா எழும்பி, "ஐயா சாமிமாரே, மலை ஏற்கெனவே ஆடிக்கிட்டு இருக்கு. நீங்களும் ஆட்டாதீங்க," என்றார்.

எங்கள் பாஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. கினிகத்தேனைப் பக்கத்து ஆள், இளவயது, நல்ல மனிதர். மழை விட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபாதரிடம் போனார். இருவரும் கல் கோயில் போதகரான ஐயரிடம் போனார்கள். மூன்று சபையும் சேர்ந்து, ஆட்களின் விசுவாசத்தைத் தட்டியெழுப்ப ஓர் எழுப்புதல் கூட்டம் வைப்பதென்று முடிவாயிற்று.

எங்கே வைப்பது? மேட்டுக் கோயிலில் சுரூபங்கள் இருக்கின்றன, ஹோல் ஆட்கள் வரமாட்டார்கள். ஹோலில் டிரம் இருக்கிறது, கத்தோலிக்கர் வரமாட்டார்கள். கல் கோயிலில் கூரை ஒழுகுகிறது, யாருமே வரமாட்டார்கள். கடைசியில் பிள்ளைக் காம்பராதான் தேறியது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பலகையில் அரசாங்கம் வைத்த நீளமான புதுப்பெயர் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. நானும் என் மகளைக் காலையில் அங்கேதான் விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போவேன். சுவரில் தாரா வாத்தும் ஆரஞ்சு நிறத் தோடம்பழமும் வரைந்திருந்தன. அவற்றை யாரும் கும்பிடுவதில்லை என்பதால் மூன்று சபைக்கும் ஆட்சேபம் இல்லை.

இரண்டு பக்கமும் சம்பந்தம் உள்ளவள் என்று என்னை அறிவிப்பாளராகப் போட்டார்கள். மெழுகுதிரி கொளுத்துவதா வேண்டாமா என்ற பேச்சே இரண்டு பின்னேரங்களை விழுங்கியது. கடைசியில் கரண்ட் போனால் மட்டும் கொளுத்துவது என்று சமாதானமானார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காம்பரா நிறைந்துவிட்டது. பெரியவர்கள் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். ஐயருக்கு முழங்கால் தாடையில் முட்டியது. முதல் பாட்டை எல்லாருக்கும் தெரிந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்திருந்தோம்; எல்லாருக்கும் தெரிந்திருந்தது, மூன்று மெட்டில். பிறகு பாஸ்டர் ஜெபித்தார். பின்கட்டில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்து, வற்றி, மறுபடி ஊற்றிக் கொதிக்க வைத்தும் அவர் முடிக்கவில்லை. ஃபாதர் கண்ணை மூடியிருந்தார். பக்தியா தூக்கமா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம்.

அடுத்து சாட்சி. ஹோலில் இது வழக்கம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழும்பி நின்று சொல்வது. மாமி எழும்பி மாமனார் குடியை விட்ட கதையைச் சொன்னார். நான் பலமுறை கேட்ட கதைதான். ஆனால் ஒளிந்திருந்த இரவுகளை எல்லாரும் கேட்க அவர் சொன்னபோது கத்தோலிக்கப் பெண்கள் பக்கத்திலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வேற யாரும் மனசுல உள்ளத சொல்லணும்னா சொல்லலாங்க," என்றார் பாஸ்டர்.

காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் ஆயா எழும்பினார். மேட்டுக் கோயிலில் ஒரு பூசை தவறவிடாதவர். சாட்சி என்பதை அவர் அன்றுவரை கண்டதில்லை. எழும்பி நின்று மனதில் உள்ளதைச் சொல்வது என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். ஃபாதரும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மேல் என்ன வேண்டும்? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஃபாதரைப் பார்த்து முழங்காலில் நின்றார்.

"சாமி, நான் பாவி. போன பெரிய வியாழனுக்குப் பொறகு இப்பத்தான் சொல்றேன்."

ஃபாதர் சட்டென்று கண் திறந்தார். "ஆயா, இது அது இல்ல..."

"இருங்க சாமி, சொல்லி முடிச்சிர்றேன். இங்க வர்ற நம்ம கிறிஸ்தவப் பிள்ளைங்களுக்கு, மொத நாளே, மூஞ்சி கழுவுற சாக்குல தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துட்டேன். தாய் தகப்பன்கிட்ட கேக்கல."

சுவரிலிருந்த தாராகூட மூச்சு விடவில்லை.

"சைவப் பிள்ளைங்களுக்குமா?" என்று ஃபாதர் மெதுவாகக் கேட்டார்.

"ஐயோ, இல்ல சாமி. அதுங்களுக்கு வேற சாமி பாத்துக்குது. நம்மளுதுக்கு மட்டுந்தான்."

பாஸ்டர் முன்னால் குனிந்தார். "ஆயா... எங்க வீட்டு ரெண்டுக்கும்?"

"ரெண்டுக்குங்க. சின்னது சிரிச்சிச்சி."

ஹோலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று ஆண்டுக் கணக்காகப் பிரசங்கம் செய்தவர் அவர். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப்போய் விக்கல் எடுத்தார்கள்.

மாமி எழும்பிவிட்டார். "அடியே! என் பேத்திக்குமா?"

"ஒங்க பேத்திக்கு ரெண்டு தடவ. மொத தடவ தும்மிட்டா. சரியா விழுந்துச்சோ இல்லியோன்னு சந்தேகமாப் போச்சு."

"யாரக் கேட்டு ஊத்தின நீ?"

எனக்கும் அதே கேள்விதான். இத்தனை மாதமாக நான் தூக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருந்த ஒன்றை, முகம் கழுவுகிற சாக்கில் ஒருவர் முடித்துவிட்டிருந்தார். முதலில் வந்தது கோபம். என் பிள்ளை, என் பயம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபத்துக்குக் கீழே, அப்பாடா முடிந்தது என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அதை வெளியே காட்டக்கூடாது என்று மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஃபாதர் கண்டிப்போடு சொன்னார். "ஆயா, சாகக் கிடக்கிற பிள்ளைக்குத்தான் அப்படி ஊத்தலாம். ஆபத்து நேரத்துல மட்டுந்தான். தாய் தகப்பனக் கேக்காம செஞ்சது பிழை."

"பிழைதான் சாமி. அதத்தானே சொல்ல வந்தேன்." ஆயா இன்னும் முழங்காலில்தான் இருந்தார். "ஆனா ஆபத்து நேரம் எதுன்னு நீங்களே சொல்லுங்க. மழ பெஞ்சா மல எறங்குது. வெயில் அடிச்சா குளவி வருது. காய்ச்சல் கண்டா ரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடணும், வண்டி வந்தா உண்டு. தாய்மாரு மலையில நிக்கிறாங்க. இங்க நான் ஒருத்தி. எந்தப் பிள்ள ஆபத்துல இல்லன்னு பாத்து விடச் சொல்றீங்க?"

வெளியே மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. போன மழைக்குச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு ஓடியவர்கள்தான் அங்கே பாதிப் பேர். ஒரு தாய் மடியிலிருந்த பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. நான் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, கணவரின் கையிலிருந்த மகளை வாங்கிக்கொண்டேன்.

பாஸ்டர் எழும்பினார். ஹோல் ஆட்கள் நீண்ட ஜெபத்துக்குத் தயாராகத் தலையைக் குனிந்தார்கள்.

"கர்த்தாவே, எங்க பிள்ளைங்களக் காப்பாத்தும். ஆமென்."

அவ்வளவுதான். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று யாரும் எதிர்பார்க்காததால் 'ஆமென்' முன்பின்னாக, மூன்று பக்கத்திலிருந்தும் சிதறி வந்தது. ஆனால் எல்லாரிடமிருந்தும் வந்தது. எழுப்புதல் கூட்டத்தில் எழுப்புதல் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அடுத்து ஐயர் எழும்ப முயன்றபோது குட்டிக் கதிரையும் அவரோடு சேர்ந்து எழும்பியது. அதைக் கழற்றும் வேலையில் மூன்று சபையும் மெய்யாகவே ஒன்றாயிற்று.

தேத்தண்ணி குடிக்கும்போது தீர்ப்புகள் வந்தன. முறைப்படி ஊற்றியிருந்தால் அது செல்லும், இனி யாரும் மறுபடி ஊற்றக்கூடாது என்றார் ஃபாதர். எங்களுக்கும் செல்லும் என்றார் ஐயர், பிஸ்கட்டை நனைத்தபடி. பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "எங்க விசுவாசப்படி அது மூஞ்சி கழுவினதுதான். ஆனா இனிமே கேட்டுட்டுச் செய்யுங்க ஆயா," என்றார்.

மாமி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? மூஞ்சிதான் கழுவியிருக்கு. வளந்து அவளே முழுகுவா."

அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "ரெண்டு தடவையா?" என்றார். குரலில் கண்ணீரும் பெருமையும் கலந்திருந்தன. பூஸ்டர் ஊசியும் போட்டாயிற்று என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அன்றிலிருந்து போனில் பால் குடித்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்.

நான் ஆயாவைப் பின்கட்டில் தனியாகப் பிடித்தேன். எத்தனையோ பெரிய விஷயங்கள் கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்:

"சுடுதண்ணியா, பச்சத் தண்ணியா?"

"வெதுவெதுப்பா வச்சுத்தான் டீச்சர். சளி புடிச்சா நீங்க என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவீங்களே."

அடுத்த நாள் காலையில் மழை மூட்டம். வழக்கமாக மாமி எங்களோடு காம்பராப் படி வரை வந்து, அப்படியே கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார். அன்று கொழுந்துக் கூடையோடு உள்ளே வந்தார். ஆயா பயந்து எழும்பி நின்றார். மாமி அவரை முறைத்தார். மடியிலிருந்து ஒரு புதுத் துவாயை எடுத்து ஆயாவின் கையில் திணித்தார்.

"மூஞ்சி கழுவினா தலைய நல்லாத் தொடச்சு விடு," என்றார். "பிள்ளைக்குச் சளி ஒத்துக்காது."

மகள் ஆயாவின் தோளிலிருந்து என்னைப் பார்த்துத் தும்மினாள். நான் பாடசாலைக்கு நடந்தேன். பாதி வழியில்தான், தும்மலுக்காக நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. உடனே திரும்பிப் பார்த்தேன்.