இடது காலுக்கு வெந்நீர்

என் அக்கா சாக்ஸ் வாங்கக் கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் முதலில் வணக்கம் சொல்வார், அப்புறம் பெருமூச்சு விடுவார். ஒரு ஜோடி எடுப்பதற்குள் மேசை நிறையப் பிரித்துப் போட்டுவிடுவாள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, விரல் நுனித் தையல் முண்டும் முடிச்சுமாக இருக்கிறதா என்று தடவுவாள். குதிகால் தடிமனாகப் பின்னியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்து, அரித்தால் பேச்சே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுவாள். இத்தனையும் தேறியபின் ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தீக்குச்சி கிழிப்பாள். முடி கருகுகிற நாற்றம் வந்தால் சுத்தக் கம்பளி. உருகி மணியாக உருண்டால் கலப்படம். அந்த நாற்றத்தை அவ்வளவு ஆசையாக மோந்து பார்க்கிற பெண்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒருமுறை கடைக்காரர் புதுச் சரக்கை எடுத்துப் போட்டு, இதுவும் கம்பளிதான், மெஷினில் போட்டாலும் சுருங்காது என்று பெருமையாகச் சொன்னார். "சுருங்காத கம்பளி எனக்கு எதுக்குங்க?" என்றாள் அக்கா. அந்த மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அக்காவின் இடது காலைக் கொஞ்சம் மெலிய வைத்துவிட்டுப் போனது. நடையில் தெரியாது. பாதம் மட்டும் வலதைவிட இரண்டு விரற்கடை சின்னது. கல்யாணப் பேச்சு நடந்தபோது, வெளியே சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அக்கா அதை உயிருள்ளவரை என்று எடுத்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டமாம். என் அக்கா ஒரு காலையே சாக்ஸுக்குள் மறைத்தாள். பெற்ற பிள்ளைக்கே தெரியாது. ஆண்பிள்ளைகள் அம்மாவின் கையைப் பார்ப்பார்கள், தட்டு வருகிறதா என்று. காலை யார் பார்த்தார்கள்?

அத்தானிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவளுடைய கம்பளி சாக்ஸைத் தன் துண்டோடு சேர்த்து வெந்நீரில் அலசிவிட்டார். இரண்டும் சுருங்கிப்போயின. அக்கா அழுதுகொண்டே ஒன்றை மாட்டிப் பார்த்தால், இடது காலுக்கு அளவெடுத்துப் பின்னியது போல் இருந்தது. அதுவரை அந்தச் சாக்ஸின் நுனி வேலைக்குப் போடும் பூட்ஸுக்குள் மடிந்து மடிந்து அவள் விரலெல்லாம் கொப்புளம். அன்றிலிருந்து புது ஜோடி வந்தால், ஒன்றுக்கு மட்டும் வெந்நீர். ஈரத்தோடு அவள் காலில் மாட்டி, "நுனியில காத்து இருக்கா? இன்னொரு தரம் முக்கவா?" என்று கேட்பார். அவர் காலமான பிறகு, அக்கா அந்த வேலையைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தானே செய்தாள்.

அவளுக்குப் பழக்கிடங்கின் குளிர் அறையில் வேலை. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில் நின்று, பெட்டி பெட்டியாக அழுகலைப் பொறுக்க வேண்டும். பருத்தி சாக்ஸ் ஈரமானால் அந்த ஈரமே காலைக் கடிக்கும். கம்பளி ஈரத்தைக் குடித்தாலும் சூட்டைப் பிடித்துவைக்கும். அதனால் அவள் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதைத் துவைப்பாள். பச்சைத் தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, கசக்குவதில்லை, முறுக்குவதில்லை. துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கப்போட்டுக் காயவைப்பாள். கொடியில் தொங்கவிட்டால் வடிவம் போய்விடும் என்பாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் தங்கமான பெண். சமையலறையை விட்டுக்கொடுத்த மாமியார் சாக்ஸை மட்டும் ஏன் தரமாட்டேன் என்கிறாள் என்று அவளுக்கு உறுத்தல். அக்கா விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தபோது, கூடையில் கிடந்த சாக்ஸை எடுத்து, இதமான சூட்டில் துவைத்துவிட்டாள். விரித்துப் போட்டால் ஒன்று சின்னதாக இருக்கிறது. ஐயோ, சுருக்கிவிட்டோமே என்று அவளுக்குக் கைகால் ஓடவில்லை. ஒரே தண்ணீரில் போட்ட இரண்டில் ஒன்று மட்டும் எப்படிச் சுருங்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பயந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் எங்கிருந்து வரும்?

தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரில் அதை ஊறவைத்து, மெல்ல மெல்ல இழுத்து, ஒரு பாட்டிலில் மாட்டிக் காயவைத்தாள். கம்பளியும் ஆட்டின் முடிதானே, வளைந்து கொடுத்தது. முழுசாக இல்லை, ஒரு விரற்கடை நீண்டது. அக்கா திரும்பி வந்தபோது சாக்ஸ் பழைய இடத்தில் சமர்த்தாக இருந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அக்காவிடம் அப்போது இருந்தது அந்த ஒரு ஜோடிதான். பழையது குதிகாலில் ஓட்டை விழுந்து துடைக்கும் துணியாகிவிட்டது. வேலைக்கு மாட்டிக்கொண்டு போனவளுக்கு இடது நுனி பூட்ஸுக்குள் மடிந்தது. மறுநாளும் மடிந்தது. கம்பளி சுருங்கும், வளராது என்பது அவள் சித்தாந்தம். அப்படியானால் சிறுத்தது எது?

சில நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பூட்ஸ்கூட மாற்றவில்லை.

"கால் மறுபடியும் சிறுக்குதுடி," என்றாள். "வயசானப்புறம் திரும்ப வரலாம்னு டாக்டர் அப்பவே சொன்னாரே, அது வந்துடுச்சு."

அளந்து பார்த்தாயா என்று கேட்டேன்.

"அளந்தா தெரிஞ்சுடும்ல?"

வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். படுக்கையில் விழுந்தால் நேற்று வந்த பெண் தலையில் விழக்கூடாதாம், என்னிடம் வந்துவிடுவாளாம். உள் அறையில் ஒரு கட்டில் போடக் கேட்டாள். சரி என்றேன். அவள் வருவதில் எனக்குச் சந்தோஷம், வருகிற காரணத்தில் துக்கம். அடுத்த வினாடியே கோபம் வந்தது, அந்தக் காலைக் காட்டு என்று அதட்டி, பூட்ஸை நானே கழற்றி, சாக்ஸை உருவினேன்.

நாள் முழுக்க ரப்பருக்குள் கிடந்த சாக்ஸில் ரோஜா வாசனை அடித்தது.

மூக்கில் வைத்து நன்றாக மோந்தேன். அக்காவின் சோப்புக்கு வாசனையே கிடையாது. இந்த ரோஜாவை நான் எங்கோ மோந்திருக்கிறேன். மருமகள் குனிந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தபோது, அவள் தலைமுடியில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவள் மூக்குக்கு ஒன்றுமே எட்டுவதில்லை.

அக்காவை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாக்ஸை மேசைமேல் வைத்ததும் மருமகள் முகம் வெளுத்தது. கேட்பதற்கு முன்னாலேயே வெந்நீர், கண்டிஷனர், பாட்டில் எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. "புதுசு வாங்கித் தந்துடறேன் அத்தை, சுருங்காத ரகமே இருக்காம்," என்றாள்.

அக்காவின் முகத்தில் இருந்த பயம் இறங்க நேரமாயிற்று. பிறகு, இத்தனை வருஷம் யார் முன்னாலும் செய்யாததைச் செய்தாள். இரண்டு கால்களையும் வெறுமையாக்கி முக்காலிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"நீ சுருக்கலம்மா. என் கால் அப்படி," என்றாள்.

மருமகள் தரையில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் பார்த்தாள். சின்னதை இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். ஐஸாக இருந்திருக்கும்.

"இதைத்தான் பூட்டி வச்சீங்களா? என்னைத்தான் உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன், அத்தை."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தேன்.

அக்கா வேலையை விடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவளுக்காக நான் போட்டுவைத்த கட்டிலில் இப்போது துணி மூட்டைதான் படுத்திருக்கிறது. கொஞ்சம் ஏமாற்றம் என்று சொல்லத்தான் வேண்டும். போன வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது புது ஜோடி வந்திருந்தது. குளியலறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருக்க, மருமகள் ஈரச் சாக்ஸை இடது காலில் மாட்டி, விரல் நுனியை அமுக்கிப் பார்த்தாள்.

"அத்தை, நுனியில கொஞ்சம் காத்து இருக்கு. இன்னொரு தரம் முக்கவா?"

அந்தக் கேள்வியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தானை அவள் பார்த்ததுகூட இல்லை. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"முக்கும்மா," என்றாள்.