பக்கவாட்டில் போன காற்று

பழுது பார்த்த விமான இஞ்சினை ஓட்டிப் பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பணிமனையில் எல்லோருக்கும் அவள் ‘சந்தேகக்கா’. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இஞ்சின் முன்பக்கம் காற்றை இழுத்து, நெருக்கி, எரிபொருளோடு எரித்து, பின்பக்கமாகப் படுவேகத்தில் வீசியெறியும். அந்த எறிதலின் எதிர்த்தள்ளலில் இஞ்சின் முன்னால் பாயப் பார்க்கும். சோதனை அறையில் இரும்புச் சட்டத்தோடு பூட்டியிருப்பதால் பாய வழியில்லை. சட்டத்தை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பது திரையில் தெரியும். அதுதான் உந்துவிசை.

அன்று வந்த இஞ்சினைப் பழுது பார்த்துப் பூட்டிக்கொடுத்தவர் அவள் தங்கையின் கணவர். உந்துவிசை சரியாகவே வந்தது. ஆனால் அதைக் கொடுக்க இஞ்சின் எரிபொருளைக் கூடுதலாகக் குடித்தது, சூடும் ஏறியது. வரம்புக்குள்தான். இருந்தாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

“மாப்பிள்ளை, எங்கயாவது காத்து ஒழுகுதா?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு அக்கா.” அவர் முகம் பார்க்காமல், ஏற்கெனவே துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

அவள் வெளியே போய்த் தங்கைக்குப் போன் போட்டாள். “மாப்பிள்ளை வேலையப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“நீ விசாரிக்கிறது இஞ்சினையா, என் புருஷனையா?” தங்கை வெடுக்கென்று போனை வைத்துவிட்டாள்.

இஞ்சின் ஆறியதும் அவளே மூடிகளைக் கழற்றி விளக்கடித்துத் தேடினாள். நெருக்கிய காற்றில் ஒரு பங்கை விமானத்துக்குள் கொண்டுபோகும் குழாயின் வளைவில், மயிரிழை அளவுக்கு விரிசல். சோதனையின்போது அந்தக் குழாயின் மறுமுனை அடைத்திருக்கும். அப்போது பின்னால் பாய வேண்டிய காற்று விரிசல் வழியே பக்கவாட்டில் சீறிப் போயிருக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இஞ்சின் அதிகமாக எரித்திருக்கிறது.

மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். “குழாய் பழசா இருக்கு, மாத்தணும்னு சொன்னேன். இதுவே போதும்னுட்டார் சூப்பர்வைசர். நானும் வாய மூடிட்டேன்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா என்னைத்தானே சந்தேகப்படுவீங்க?”

“சொல்லாமயே பட்டாச்சே!”

அவர் சிரிக்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. சூப்பர்வைசரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே புதுக் குழாய்க்கு அனுமதி கொடுத்தார். மாற்றி ஓட்டியபோது அதே உந்துவிசை, குறைந்த எரிபொருளில் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

தங்கை சமாதானமாக ரொம்ப நாளாயிற்று. மாப்பிள்ளை மட்டும் இப்போதெல்லாம் இஞ்சின் வருவதற்கு முன்பே வந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறார். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாள், அவர் கைகளைப் பார்த்தபடியே.