வயற்கம்பியில் வந்த சிங்கப்பூர்

“அம்மா விடியக் கண்ணை மூடிட்டா மாமி. கடைசி மட்டும் எல்லாரோடையும் பகிடி விட்டுக்கொண்டுதான் இருந்தவ” என்று கனகம்மா ரீச்சரின் மகள் தொலைபேசியில் சொன்னாள். அழுதேன். கண்ணைத் துடைக்குமுன் சிரிப்பும் வந்துவிட்டது. திருகோணமலையில் அவரோடு படிப்பித்தவர்களுக்கு இது விளங்கும்.

நாற்பத்திரண்டில் துறைமுகத்தில் யப்பான்காரனின் குண்டு விழுந்தபின் நானும் கனகம்மாவும் கட்டைபறிச்சான் கிராமத்தில் வயல் செய்யும் வேலுப்பிள்ளை அண்ணர் வீட்டில் அடைக்கலமானோம். கனகம்மாவின் கணவருக்கு மலாயா ரயில்வேயில் வேலை. யப்பான்காரன் அங்கே இறங்கியபின் அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அங்குள்ள தமிழர் ஊருக்குச் சொல்லும் சேதிகளை மாலையில் சிங்கப்பூர் வானொலி வாசிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். உடனே பற்றரியில் பாடும் கைப்பெட்டி வானொலி ஒன்றோடு வந்து நின்றார் கனகம்மா. அதில் கொழும்பு நன்றாகக் கேட்டது. சிங்கப்பூர் பக்கம் முள்ளைத் திருப்பினால் அப்பளம் பொரிகிற சத்தம்தான்.

“ஏலாது எண்டு பெட்டி சொல்லட்டும், நாங்கள் சொல்லக் கூடாது” என்றார். கிளி கலைப்பதற்காக அண்ணர் தன் வயலுக்குக் குறுக்கே நீளக் கம்பி கட்டி, காற்றில் கிலுங்கத் தகரப் பேணிகள் தொங்கவிட்டிருந்தார். கனகம்மாவின் கண் அதில் விழுந்தது. பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கம்பிச் சுருளின்மேல் வேறொரு கம்பியை நாலு சுற்றுச் சுற்றினார். ஒரு நுனியை வயற்கம்பியில் முறுக்கினார். மறுநுனியை ஒரு பித்தளைச் செம்பில் கட்டி வாய்க்கால் சேற்றில் புதைத்தார். சிங்கப்பூர் வந்தது! ஆனால் பேணி ஆடும்போதெல்லாம் பெட்டியும் கரகரத்தது.

பேணிகளைக் கழற்றினோம். கிளிகளுக்குக் கொண்டாட்டம். அண்ணர் குடும்பம் கூவிக் கலைத்தால் சேதி கேட்காது. ஆகவே வாயைத் திறக்காமல், சால்வையையும் சீலைத்தலைப்பையும் வீசிக்கொண்டு வரப்பு நெடுக ஓடினோம். கண்டவர்கள் எங்களுக்குப் பேய் பிடித்ததென்றே நினைத்திருப்பார்கள். கதிர் முற்றிய நேரம், பாதி வயல் போய்க்கொண்டிருந்தது. அண்ணரோ, “கிளி திண்டது போக மிஞ்சினதை நாங்கள் தின்னுவம் தங்கச்சி. நீங்கள் கேளுங்கோ” என்றார்.

ஒருநாள் மாலை, “திருகோணமலை கனகம்மாவுக்கு, நான் சுகம்…” என்று கணவரின் பெயரோடு சேதி வந்தது. அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த வாயெல்லாம் ஒன்றாகத் திறந்து கத்தியதில் மிச்சம் அமுங்கிப்போயிற்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன். கனகம்மா முழங்கால் சேற்றில் நின்று குதித்தார். “சுகம் எண்டு வந்திட்டுதடி. அது காணும், அதுவே போதும்!”

சண்டை முடிந்து கணவர் வந்ததும், அந்த மிச்சம் என்னவென்று நான்தான் கேட்டேன். “மாட்டை மட்டும் வித்துப்போடாதை எண்டு சொன்னனான்” என்றார். அந்த மாட்டை விற்றுத்தான் வானொலியே வாங்கியிருந்தார் கனகம்மா. அன்று மூவரும் சிரித்த சிரிப்பில் சோறு ஆறிப்போனது.

எனக்கு எதிலும் மிச்சம் தெரிந்தாக வேண்டும். வைத்தியர் பாதி சொன்னால் மறுபாதிக்குச் சண்டை பிடிப்பேன். அப்போதெல்லாம், “உனக்கு அது காணாதோடி?” என்று கேட்கக் கனகம்மா இருந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். இனி நானே என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.