ஊதக் கூடாத மைக்

ரிப்பன்காரி என்ற பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த ஒன்பதாம் நாள். அப்போது அந்த வீட்டில் ஃபோன் கிடையாது. கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டு, "ரிப்பன்காரிக்கு ஃபோன்! ஸ்டுடியோவிலிருந்து!" என்று கத்தினார். தலைக்குக் கட்டும் ரிப்பன் விற்கிற யாரோ பக்கத்தில் குடியிருக்கிறாள் போல என்று நினைத்து அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். உள்ளறையிலிருந்து அவளுடைய நாத்தனார் தடதடவென்று இறங்கி ஓடினாள். கழுத்தோடு வெட்டிய முடி. அதில் ரிப்பன் கட்ட இடமே இல்லை.

அந்த வீட்டில் மூன்று ஆண், ஒரு பெண். மூத்தவன் பஸ் டிரைவர். அவனுக்குத்தான் அண்ணி வாழ்க்கைப்பட்டாள். நடுவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவன். மூன்றாமவன் மாமனார் வீட்டோடு போய்விட்டான், அவன் பேச்சு இங்கே வேண்டாம். நாலாவதாகப் பிறந்து, மூன்று அண்ணன்களையும் விரல் நுனியில் வைத்திருந்தவள்தான் ரிப்பன்காரி.

பத்தொன்பது வயதில் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒயர் சுற்றும் வேலைக்குப் போனவள் அவள். ஒருநாள் ஒரு பழைய வானொலி நிலையத்தைக் காலி செய்தபோது, வாசலில் குவித்திருந்த ஓட்டை உடைசலில் ஒரு மைக் கிடந்தது. ஒரு சாணுக்கு மேல் நீளம், செங்கல் கனம், இரண்டு முனையும் மாத்திரை மாதிரி உருண்டை. குப்பைக்காரரிடம் சொல்லிவிட்டு அதை எடுத்து, துணியில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "குழந்தைக்கு டிக்கெட் வேணாமா?" என்றாராம். "இன்னும் பேச்சே வரலைங்க, வந்ததும் எடுக்கறேன்" என்றாளாம் இவள்.

பேச வைத்தும் விட்டாள். அந்த மைக்குக்குள் இரண்டு காந்தங்களுக்கு நடுவே, விரல் நீளத்துக்கு ஒரு அலுமினிய நாடா தொங்கும். வெங்காயத்தின் உள்தோலைவிட மெலிசு. பாடுகிறவரின் குரல் பட்டு அது அசைவதுதான் ஒலியாகிறது. "அது ரிப்பன் மைக். படுக்க வெச்சா நாடா தொய்ஞ்சிடும். அலமாரிக் கதவை அடிச்சுச் சாத்தினா அந்தக் காத்துக்கே அறுந்துடும். யாரும் தொடாதீங்க" என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே பட்டப்பெயரை வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒருமுறை பெண் கேட்டு வந்தவர்கள், "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலையெல்லாம் எதுக்கு?" என்றார்கள். "அவரு வேலையை விடுவாரா? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றாள். வந்தவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணி அதற்கு நேர்மாறு. அதிர்ந்து பேசமாட்டாள். ஆனால் வேலை என்னவோ ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவது. பஸ் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று இருபத்தாறு வருடமாக அறிவித்துக்கொண்டிருந்தாள். கம்பங்களில் தொங்கும் குழாய் ஒலிபெருக்கி வழியாக வரும்போது அந்தக் குரல் நசுங்கித்தான் வரும். கண்டக்டர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் போலவே பேசிக் காட்டுவார்கள். தகரக் குரல் என்று பெயர். கேட்டும் கேட்காத மாதிரி இருப்பாள். ஆனால் வீட்டில் குழந்தைகளைத் தூங்க வைக்கக்கூட வாயைத் திறந்து பாடியதில்லை. முனகலோடு சரி.

ஒருநாள் மதியம் ஒரு அறிவிப்பு முடிந்து ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டாள். ஆள் இல்லாத கூண்டுதானே என்று தன்பாட்டுக்கு முனகத் தொடங்கியவள், அன்றைக்கு என்னவோ வாய்விட்டே பாடிவிட்டாள். பஸ் நிலையமே அடங்கிப் போனது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு இசையமைப்பாளர் படியேறி வந்து கூண்டைத் தட்டினார்.

"அம்மா, இப்பப் பாடினது யாரு?"

"நான்தான் சார். மன்னிச்சிடுங்க, ஸ்விட்சை அணைக்க மறந்துட்டேன்."

"மறந்ததுதான் நல்லதாப் போச்சு" என்றார் அவர். ஒரு படத்துக்குத் தாலாட்டு வேண்டும், தேர்ந்த பாடகியின் குரல் வேண்டாம், வேலைக்குப் போய் வந்து பிள்ளையைத் தட்டுகிற குரல் வேண்டும் என்று சொல்லி, ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரையும் சொன்னார். அது ரிப்பன்காரி வேலை செய்யும் இடம்.

முதல்நாள் பதிவு புது மைக்கில் நடந்தது. அப்போது கூடத்தை நடத்திக்கொண்டிருந்தவன் முதலாளியின் மருமகன். பளபளவென்று இருந்த அந்த மைக்குக்கு ஊசி விழுந்தால் உலக்கை விழுந்த மாதிரி கேட்கும். அண்ணியின் முன்பல்லில் ஒரு சந்து. "ச" வரும் இடமெல்லாம் விசிலடித்தது. பாடியதைத் திருப்பிப் போட்டபோது அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருமகன் சிரித்தான். "பஸ் ஸ்டாண்டுக்கு ஓகே சார். பாட்டுக்கு ஆகாது. இது தகரம்."

இசையமைப்பாளர் நகத்தைக் கடித்தார். அண்ணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இனி ஒருநாளும் பாடுவதில்லை என்று அந்த நொடியிலேயே முடிவு கட்டிவிட்டாள். கதவருகே ரிப்பன்காரி குறுக்கே நின்றாள்.

"உக்காருங்க அண்ணி. தகரமா இருக்கறது குரல் இல்ல, அதைக் கேக்கற காது. சார், நாளைக்கு ஒருதடவை என் மைக்குல எடுக்கறேன். கேட்டுட்டு வேணாம்னு நீங்க சொன்னா, நானே எங்க அண்ணியைக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"நாளைக்கு மூணு மணிக்கு வேற பாடகி வராங்க. அதுக்குள்ளன்னா சரி" என்றார் அவர்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே ரிப்பன்காரி மைக்கைத் தாங்கியில் நிறுத்தி, துணியுறையைக் கழற்றிவிட்டு, ஒயரைப் பூட்டப் பக்கத்து அறைக்குப் போனாள். அண்ணி மைக்கின் முன்னால் தனியாக நின்றாள். இருபத்தாறு வருடமாக, ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்பும், மைக் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. யோசிக்காமல் அதையே செய்தாள். மைக்கில் வாயை வைத்து, ஃபூ ஃபூ என்று இரண்டு தடவை ஊதினாள்.

பக்கத்து அறையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்த ரிப்பன்காரிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. ஓடி வந்தாள். அண்ணியின் உதடு இன்னும் குவிந்தே இருந்தது.

"ஊதினீங்களா?"

"பழக்கம்மா... நான் வேணும்னு..."

மைக்கை மூடியிருந்த துளைத் தகட்டைக் கழற்றினார்கள். நாடா அறுந்து, காந்தத்தில் ஒட்டிக் கிடந்த ஒரு கிழிசலாக இருந்தது. மருமகன் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுது கதை. அக்கா, பேசாம அந்தப் பொட்டியை உங்க வீட்டு ஹால்ல வெச்சுடுங்க. பூ வைக்கலாம்."

அண்ணிக்கு அழுகை முட்டியது. "என்னால உன் மைக்கும் போச்சு. என்னை விட்டுடும்மா, நான் போறேன்."

"போறதாவது! ஊதினவங்கதான் விளக்குப் பிடிக்கணும். பிடிங்க" என்று டார்ச்சை அவள் கையில் திணித்தாள் ரிப்பன்காரி.

பழைய ரேடியோப் பாகம் ஒன்றைப் பிரித்து எடுத்த அலுமினியத் தாள் சுருளை அவள் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தியிருந்தாள். ஜன்னலை அடைத்தாள், ஃபேனை நிறுத்தினாள். கண்ணாடித் துண்டின் மேல் தாளை வைத்து, புது பிளேடால் நறுக்கினாள். முதல் துண்டு நறுக்கும்போதே கிழிந்தது. இரண்டாவதை, சுவர்க் கடிகாரத்திலிருந்து எடுத்த இரண்டு சின்னப் பல்சக்கரங்களுக்கு நடுவே விட்டு உருட்டினாள். நாடாவுக்கு வேண்டிய நெளிவு சரியாகத்தான் விழுந்தது, ஆனால் மைக்குக்குள் மாட்டும்போது காந்தம் இடுக்கியை இழுத்துக்கொண்டதில் போயிற்று. மூன்றாவது அண்ணியின் மூச்சுக்காற்றில் பறந்தது.

"அண்ணி, மூச்சு!"

"விடாம எப்படிம்மா இருக்கறது?"

"வலதுபக்கமா விடுங்க. இங்க இல்ல."

கழுத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டு, கையில் விளக்கு அசையாமல் நின்றாள் அண்ணி. தோள் மரத்துப்போனது. ஆனால் அழுகை நின்றுவிட்டது. நாலாவது நாடாவை ரிப்பன்காரி பித்தளை இடுக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் நூலளவு இடைவெளி விட்டு, மேலேயும் கீழேயும் கவ்வவைத்துத் திருகாணியை இறுக்கினாள். அது நின்றது. மணி ஒன்றரை.

இந்த மைக் மெதுவாகத்தான் பேசும். அதன் பேச்சைக் கேட்க ஒலியைக் கூட்டினால், ஏசியின் இரைச்சலும் சேர்ந்து கூடும். ரிப்பன்காரி பின்கட்டுக்குப் போய் ஏசியின் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஐந்தே நிமிடத்தில் மருமகன் வேர்த்து விறுவிறுத்து வந்தான்.

"ஏசி ஏன் ஓடல?"

"பாட்டு முடியற வரைக்கும் ஓடாது."

"இது என் மாமனார் கட்டடம்கா."

"தெரியும். ஏசியும் அவருதுதான். ஃபியூஸ் மட்டும் என் பையில இருக்கு."

"அப்ப நானும் உள்ளதான் நிப்பேன். என்ன நடக்குதுன்னு பாக்கறேன்."

"தாராளமா நில்லுங்க" என்று அவனை மைக்கின் பக்கவாட்டில், சுவரோரம் தொங்கிய கம்பளிக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினாள். "இதுக்கு முன்னாடி காது கேக்கும், பின்னாடி காது கேக்கும். பக்கவாட்டுல சுத்தச் செவிடு. நீங்க அங்கிருந்து எவ்வளவு வேணாலும் முணுமுணுக்கலாம்."

இசையமைப்பாளர் இருமலில் சிரிப்பை ஒளித்தார்.

அண்ணி பழக்கதோஷத்தில் மறுபடியும் மைக்கை முட்டிக்கொண்டு போனாள். அவ்வளவு கிட்டே பாடினால் பீப்பாய்க்குள்ளிருந்து பாடுகிற மாதிரி வரும். ரிப்பன்காரி அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, இரண்டு கை தூரத்தில் நிறுத்தி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"இதைத் தாண்டாதீங்க. கத்தவும் வேணாம், பஸ் எதுவும் கிளம்பலை. பக்கத்து அறையில பிள்ளை இன்னும் தூங்காம இருக்குன்னு நினைச்சுப் பாடுங்க."

அண்ணி பாடினாள். முதல் அடியில் குரல் உடைந்தது. ரிப்பன்காரி கையசைக்க, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். சுவரோரத்தில் மருமகன், "வேஸ்ட், டைம் வேஸ்ட்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்று பாடினாள்.

பாடியதைத் திருப்பிப் போட்டார்கள். அவளுடைய "ச" விசிலடிக்கவில்லை. விரித்த போர்வை மாதிரி மெத்தென்று வந்து அமர்ந்தது. பல் சந்தும் இருந்தது, வயதும் இருந்தது, உடைந்த இடமும் இருந்தது. முணுமுணுப்பு மருந்துக்கும் இல்லை. அண்ணி ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நிஜக் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. குழாய் நசுக்கியதையும் நேற்றைய விசிலையும்தான் கேட்டிருக்கிறாள்.

இசையமைப்பாளர் மூன்று மணிப் பாடகிக்கு ஃபோன் போட்டு, வேறு பாட்டுக்குக் கூப்பிடுகிறேன் என்றார்.

அண்ணி மருமகன் பக்கம் திரும்பினாள். இருபத்தாறு வருடமாக யாரையும் எதிர்த்துப் பேசாதவள். "தம்பி, தகரம்னீங்களே. இன்னொருதடவை போடச் சொல்லட்டுமா? நேத்து சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க."

அவன் ஏசியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த வாரம் முதலாளியின் கையெழுத்தோடு ஒரு தாள் சுவரில் ஒட்டப்பட்டது: கூடத்தின் மைக்குகளைத் தவிர வேறு மைக் உள்ளே வரக் கூடாது. ரிப்பன்காரி அதை முழுக்கப் படித்தாள். மைக்குக்குத் துணியுறையைப் போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பையிலேயே கிடந்த ஏசி ஃபியூஸை மேசை மேல் வைத்தாள். "மைக் உள்ள வராதுன்னா நானும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கண்ணாடி தேய்க்கும் அண்ணன், "இருபத்தேழு வருஷ வேலையை ஒரு நாடாவுக்காக விடுவியா?" என்று குதித்தான். "அவங்கதான் விட்டாங்க. நான் நாடாவைப் பிடிச்சிருக்கேன்" என்றாள்.

அண்ணி இன்னும் கூண்டில்தான் அறிவிப்புச் செய்கிறாள். இப்போது ஊதுவதில்லை; விரலால் லேசாகத் தட்டுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்ததும் சாலையைக் கடந்து பாடப் போகிறாள்.

ரிப்பன்காரி இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், சொந்தமாக ஒற்றை அறையில் பதிவு செய்கிறாள்.